ஊசி வைத்தியத்துக்கு எலி சாட்சியா?

கோட்டாறு சந்தைப் பக்கத்திலும் நாகர்கோவில் வீதிகளிலும் இப்போது ஒரு புது வாதம் உலாவி வருகிறது. "மருந்தில்லா மருத்துவம்" என்று பலகை மாட்டிக்கொண்டு ஊசி குத்துகிறவர்களையும், அந்த ஊசிகூட இல்லாமல் ஒரு விரலால் தொட்டே சகல வியாதிகளையும் போக்கிவிடுவதாகச் சொல்லுகிறவர்களையும் பார்த்து, "இதற்கு என்ன ஆதாரம்?" என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழமை" என்று பதில் வரும். பழமை என்கிற சரக்கு எல்லோரிடத்திலும் விலை போகாது என்று தெரிந்துகொண்டதனாலோ என்னவோ, இப்போது சயன்சையே சாட்சிக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "ஆராய்ச்சிச் சாலையில் எலிக்கும் முயலுக்கும் ஊசி குத்திப் பார்த்தார்கள், வலி குறைந்துவிட்டது. மனிதனுக்குக் குறைந்தால் நம்பிக்கை என்பீர்கள். எலிக்கு என்ன நம்பிக்கை? எலி ஜோசியம் பார்க்கிறதா, நேர்த்திக்கடன் வைக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான். கடவுள் கனவில் வந்து சொன்னார் என்கிற சாட்சியை நாம் விசாரிக்க முடியாது. எலியின் சாட்சியை விசாரிக்கலாம். கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதையே செய்ய உத்தேசிக்கிறோம்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊசி குத்தினால் வலி உணர்ச்சியில் ஏதோ மாறுதல் ஏற்படுகிறது என்பது ஒரு சங்கதி. உடம்பில் 12 பாதைகள் இருக்கின்றன, அவற்றில் "சீ" என்கிற ஒரு சக்தி ஓடுகிறது, அது தடைப்பட்டால் வியாதி, இன்ன புள்ளியில் குத்தினால் தடை நீங்கும் என்பது வேறொரு சங்கதி. மணிக்கட்டில் விரல் வைத்தால் சர்க்கரை வியாதி போய்விடும், ஆகையால் இன்சுலினை நிறுத்து என்பது மூன்றாவது சங்கதி. முதலாவதற்குச் சாட்சி கொண்டுவந்துவிட்டு மூன்றாவதற்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ளுகிறார்கள். யாகம் செய்தேன், மழை பெய்தது என்று தட்சிணை கேட்கிற புரோகிதனிடத்தில் மழை பெய்ததையா நாம் மறுக்கிறோம்? தென்மேற்குக் காற்றையும் வடகிழக்குக் காற்றையும் நம்பிப் பயிர் செய்கிற நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு, மழை வேறு யாகம் வேறு என்பதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி எலியின் வாக்குமூலத்தைப் பார்ப்போம்.

1970-களின் தொடக்கத்தில் பீக்கிங் வைத்தியக் கல்லூரியில் ஹான் ஜிஷெங் என்பவரும் அவருடைய சகாக்களும் முயல்களுக்கு ஊசி குத்தி, அம்முயல்களின் மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்து, ஊசி குத்தப்படாத வேறு முயல்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அந்த இரண்டாவது முயல்களும் வலியைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கின. இது உயர்ந்த சோதனை என்று ஒப்புக்கொள்ளுவதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இதிலிருந்து என்ன ஏற்படுகிறது? ஒரு முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு வலி குறைக்கும் குணம் நீரின் வழியாகப் போயிற்றென்றால், அது ஒரு வஸ்து, ஒரு ரசாயனப் பொருள் என்று ஏற்படுகிறதேயல்லாமல், பாதைகளில் ஓடும் சக்தி என்று ஏற்படவில்லை. இரண்டாவது முயலின் பாதையை யாரும் ஊசியால் திறக்கவில்லையே!

அந்த வஸ்து இன்னதென்று 1975-ல் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் பன்றியின் மூளையிலிருந்து, அபினைப் போல் வேலை செய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம்முடைய உடம்பே தனக்கு வேண்டிய அபினைச் சிறு அளவில் உற்பத்தி செய்துகொள்ளுகிறது என்று இதனால் ஏற்பட்டது. மறுவருஷம், 1976-ல், கனடாவில் டொரண்டோவைச் சேர்ந்த பாமரன்ஸ் என்பவர், ஊசி குத்தி வலி குறைந்த சுண்டெலிகளுக்கு நலாக்ஸோன் என்னும் அபின் முறிவு மருந்தைக் கொடுத்தார். உடனே ஊசியின் பலன் மறைந்துவிட்டது. 2010-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் சர்வகலாசாலையார் இன்னொரு சோதனை செய்தார்கள். ஊசியைத் திருகும் இடத்தில் தசை காயப்பட்டு அடினோசின் என்ற பொருள் கசிகிறது, அது பக்கத்திலுள்ள நரம்பின் வலியைத் தணிக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பொருளுக்கு இடம் கொடுக்கும் ஏற்பி இல்லாமல் பிறந்த சுண்டெலிகளிடத்தில் ஊசி பலிக்கவேயில்லை. அது மாத்திரமல்ல, அடினோசினைப் போன்ற ஒரு மருந்தை ஊசியின் இடத்தில் செலுத்தினபோது, ஊசி குத்தாமலே அதே பலன் கிடைத்தது.

இவைதான் ஊசி வைத்தியக்காரர்கள் பெருமையோடு எடுத்துக் காட்டுகிற சோதனைகள். இவற்றைச் செய்தவர்கள் யோக்கியர்கள். ஆனால் இச்சோதனைகள் ஒவ்வொன்றும் பழைய தத்துவத்தின் ஒவ்வொரு செங்கல்லைப் பெயர்த்துப் போட்டிருக்கின்றன. அபின் போன்ற பொருளும் அடினோசினும் வலி தணிப்பதற்குக் காரணமென்றால் "சீ"க்கு அங்கே என்ன வேலை? மருந்தில்லா மருத்துவம் என்று பலகை மாட்டியவர், தம் ஊசி உடம்புக்குள்ளேயே மருந்தைச் சுரக்கச் செய்துதான் பலிக்கிறது என்ற ஆராய்ச்சியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது வேடிக்கையல்லவா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்விதமான எலிச் சோதனைகளில் மிகப் பல, ஊசியில் மின்சாரக் கம்பி மாட்டி, விநாடிக்கு இத்தனை தடவை என்று மின்சாரம் பாய்ச்சிச் செய்யப்பட்டவை. பழைய சீன ஞானிகளிடம் மின்சாரம் இருந்ததா என்று கேட்கிறோம்.

குறுக்கு விசாரணையில் அடுத்த கேள்வி, புள்ளியைப் பற்றியது. ஊசி எங்கே குத்தினாலும் போதுமா, சாஸ்திரம் சொன்ன இடத்தில்தான் குத்த வேண்டுமா? எங்கே குத்தினாலும் போதுமென்றால் சாஸ்திரம் தேவையில்லை. 1979-ல் பாரிஸில் லெ பார் என்பவரும் சகாக்களும் எலிகளைக் கொண்டு ஒன்று காட்டினார்கள். உடம்பில் ஓரிடத்தில் வலி உண்டாக்கினால், தூரத்தில் வேறிடத்திலுள்ள வலியைத் தெரிவிக்கும் நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. வலியை வலி அமுக்குகிறது. பல்வலிக்காரன் தொடையைக் கிள்ளிக்கொள்ளுவதும், பிரசவ வேதனையில் பெண்கள் உதட்டைக் கடித்துக்கொள்ளுவதும் இந்தச் சோதனையை அறிந்துகொண்டா? இதற்குப் புள்ளி வேண்டாம், படம் வேண்டாம், குருவும் வேண்டாம்.

அந்தப் புள்ளிகளின் யோக்கியதையைத்தான் பாருங்களேன். சீனர்களின் பழைய கணக்கில் புள்ளிகள் 365. ஏன் 365? வருஷத்துக்கு நாள் அவ்வளவு. பாதைகள் ஏன் 12? சீனாவில் பெரிய ஆறுகள் 12 என்று ஒரு கணக்கு. (உலக சுகாதார ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட அட்டவணையில் 361 என்று வைத்திருக்கிறார்கள்.) நம்மவர்கள் இதற்கு இளைத்தவர்களா? சுசுருதர் பெயரால் உள்ள நூலில் மர்மங்கள் 107. நம் பக்கத்து வர்ம ஆசான்களின் கணக்கில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. அர்ச்சனைக்கு நாமம் 108, ஜெபமாலைக்கு மணி 108, தத்துவம் 96. மனிதனுடைய உடம்பை அறுத்துப் பார்த்து எண்ணினவன் இப்படியா எண்ணுவான்? பஞ்சாங்கத்தையும் ஜெபமாலையையும் பார்த்து எண்ணினவனல்லவா இப்படி எண்ணுவான்!

இதைவிட ஒரு பெரிய தமாஷ் எலியினிடத்திலேயே இருக்கிறது. சீனப் படத்தில் பித்தப்பைப் பாதை என்று ஒன்று உண்டு. அதில் 44 புள்ளிகள். தலைப் பக்கத்திலிருந்து விலா, இடுப்பு, கால் வழியாகக் கால்விரல் வரையில் வருகிறது. ஆராய்ச்சிச் சாலைகளில் எலியின் இடுப்பிலும் முழங்காலண்டையிலும் இந்தப் பித்தப்பைப் பாதையின் புள்ளிகளில் ஊசி குத்தி வலி குறைந்ததாக எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் எலிக்குப் பித்தப்பையே கிடையாது! சுண்டெலிக்கு உண்டு, பெரிய எலிக்கு இல்லை. குதிரைக்கும் இல்லை, யானைக்கும் இல்லை. இல்லாத பைக்கு ஒரு பாதை, அந்தப் பாதையில் 44 புள்ளிகள், அதில் ஒன்றில் குத்தினால் பலன். இதை என்னவென்று சொல்லுவது? பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளைக்கு ஜாதகம் எழுதி, அதைக் கொண்டு பெண்ணும் பார்த்தாயிற்று என்பது போல் இருக்கிறது. மனிதனுக்கென்று வரைந்த படத்தைச் சுருக்கி எலியின் மேல் ஒட்டி, அந்த இடத்தில் குத்தி, பலன் வந்ததென்றால், அந்தப் பலன் படத்தினால் வந்ததல்ல என்பதற்கு இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

நிற்க, எலிக்கு வலி குறைந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நம் வாசகர்கள் கேட்கலாம். எலி வாய் திறந்து சொல்லுவதில்லை. அதன் வாலின் மேல் சூடான வெளிச்சத்தைப் பாய்ச்சி, எத்தனை விநாடியில் வாலை இழுத்துக்கொள்ளுகிறது என்று பார்ப்பது ஒரு வழி. இது 1941-ல் ஏற்பட்டது. சூடான தட்டின் மேல் விட்டு, எப்போது பாதத்தை நக்குகிறது என்று பார்ப்பது இன்னொன்று, 1944-ல் ஏற்பட்டது. ஊசி குத்த வேண்டுமானால் எலி ஆடாமல் இருக்க வேண்டும். ஆகவே குழாயில் அடைக்கிறார்கள் அல்லது கட்டுகிறார்கள். பூனைக்கும் பருந்துக்கும் இரையாகப் பிறந்த பிராணியைப் பிடித்துக் கட்டினால் அதற்கு உயிர்ப்பயம் வருகிறது. உயிர்ப்பயத்தில் வலி மரத்துப்போவது எல்லாப் பிராணிகளுக்கும் இயற்கை. சண்டையில் வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் காயத்தைப் பார்க்கிறான். அப்படியிருக்க, எலி வாலை இழுக்கத் தாமதித்தது ஊசியினாலா, கட்டினதனாலா, பயத்தினாலா என்று பிரித்தறிவது சுலபமல்ல. நேர்மையான ஆராய்ச்சிக்காரர்கள் ஊசியில்லாமல் கட்டிய எலி, கண்ட இடத்தில் குத்திய எலி என்று தனித்தனியே வைத்துப் பார்க்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

2014-ல் கனடாவில் மக்கில் சர்வகலாசாலையார் கண்டுபிடித்ததை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சோதனை நடக்கும் அறையில் ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன. ஸ்திரீ உட்கார்ந்திருந்தால் அப்படியில்லை. ஆள் வேண்டாம், ஆண்பிள்ளை உடுத்திக் கழற்றிய சட்டையைப் பக்கத்தில் வைத்தாலே போதும். ஆண் வாடையினால் ஏற்படும் பயமே காரணம். சட்டையை வைத்தாலும் எலிக்கு வலி குறைகிறது என்பதற்காக, நாளைக்குக் கோட்டாறு கடைத்தெருவில் "சட்டை வைத்தியசாலை" என்று ஒருவர் பலகை மாட்டினால் ஒப்புக்கொள்ளுவார்களா? எலிச் சாட்சி இரண்டுக்கும் ஒன்றுதானே!

"எலிக்கு நம்பிக்கை ஏது?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ரஷ்யாவில் பாவ்லோவ் எழுதி வைத்திருக்கிறார். நாய்க்குத் தினம் மார்பின் ஊசி போட்டு வந்தால் அது எச்சில் ஒழுகவிட்டு, வாந்தியெடுத்து, பிறகு தூங்கும். சில நாள் போன பிறகு, ஊசி போடுகிறதற்கான ஏற்பாடுகளைப் பார்த்த மாத்திரத்திலேயே, மருந்து உள்ளே போகாமலே, நாய் எச்சில் விட்டு வாந்தியெடுத்துத் தூங்க ஆரம்பித்தது. இதை நம்பிக்கை என்று சொல்லுங்கள், பழக்கம் என்று சொல்லுங்கள், மருந்தில்லாமல் மருந்தின் வேலை நடந்தது என்பது வாஸ்தவம். பிராணிக்கு நம்பிக்கை இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் அதைப் பார்க்கிற மனிதனுக்கு இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? 2012-ல் அமெரிக்காவில் மூட்டுவாத நாய்களுக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்து, நாய் நடக்கும்போது காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறது என்று இயந்திரத்தால் அளந்தார்கள். இயந்திரம் ஒரு முன்னேற்றமும் இல்லை என்று காட்டிய நாய்களையே, வளர்த்தவர்கள் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் "தேவலை" என்றார்கள். பழக்கப்பட்ட மிருக வைத்தியர்களே பாதித் தடவைகளுக்குச் சமீபமாக ஏமாந்தார்கள். நொண்டின நாய் நொண்டிக்கொண்டேயிருந்தது. குணமானவர்கள் எஜமானர்கள்!

மனிதர் விஷயத்தில் பெரிய பரீட்சைகள் நடந்திருக்கும்போது எலியண்டை போவானேன் என்பதும் யோசிக்க வேண்டியது. ஜெர்மனியில் 2005-ல் வெளிவந்த பரீட்சையில் ஒற்றைத் தலைவலிக்காரர் 302 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்குச் சாஸ்திரப்படி ஊசி, ஒரு சாராருக்குப் புள்ளியல்லாத இடத்தில் பொய்யூசி, ஒரு சாராருக்கு ஒன்றுமில்லை என்று பிரித்தார்கள். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் நிஜ ஊசியில் 100-க்கு 51, பொய்யூசியில் 53, ஒன்றுமில்லாதவர்களில் 15. 2007-ல் முதுகுவலிக்காரர் 1,162 பேரிடம் செய்த பரீட்சையில் நிஜ ஊசிக்கு 100-க்கு 47.6, பொய்யூசிக்கு 44.2, வழக்கமான சிகிச்சைக்கு 27.4. ஊசியே இல்லாததற்கு ஊசி மேல் என்பதை நாம் ஒளிக்கவில்லை. வாசகர்கள் அதையும் பார்க்கட்டும். ஆனால் 365 புள்ளிகளையும் மனப்பாடம் செய்து பட்டம் வாங்கின பண்டிதர் குத்தினதும், வேண்டுமென்றே தப்பான இடத்தில் குத்தினதும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்ததென்றால் அந்தச் சாஸ்திரத்துக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம்? 1998-ல் விக்கர்ஸ் என்பவர் தேசவாரியாகக் கணக்கெடுத்ததில், சீனாவிலிருந்து வந்த ஊசிப் பரீட்சைகள் ஒன்றுவிடாமல் எல்லாம் வெற்றி என்று ஏற்பட்டது. ஒரு தோல்விகூட இல்லாத பரீட்சையைப் பரீட்சை என்று சொல்லலாமா? நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படி நடந்தால் வாத்தியாரை விசாரிப்பார்கள்.

"சீனாவே ஒப்புக்கொண்டதாயிற்றே" என்பார்கள். எந்தச் சீனா? 1822-ல் சீனச் சக்கரவர்த்தியே அரண்மனை வைத்தியசாலையிலிருந்து ஊசியை விலக்கினார். 1929-ல் சுதேச வைத்தியத்தையே ஒழிக்க வேண்டுமென்று அந்நாட்டுச் சுகாதார மகாநாட்டில் தீர்மானம் வந்தது. அங்கே மூடவழக்கங்களைச் சாடி எழுதிய லூ சுன், தம் தகப்பனார் நாட்டு வைத்தியர்களிடம் பட்ட பாட்டைப் பார்த்து, அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே முடிவுகட்டினார். பிறகு மாவோ காலத்தில், அத்தனை கோடி ஜனங்களுக்கு டாக்டர்கள் இல்லாத குறையை நிரப்ப, பழைய வைத்தியம் மறுபடி தூக்கி நிறுத்தப்பட்டது. அவருடைய சொந்த டாக்டர் பின்னால் எழுதினதிலிருந்து, மாவோ தமக்கென்று வந்தபோது அதை நம்பவில்லை என்று தெரிகிறது. ஜனங்களுக்கு ஒன்று, தனக்கு ஒன்று! 1971-ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுத்தார்கள். ஊசியால் மயக்கி அறுத்ததாக உலகமெல்லாம் பேச்சு. அவர் எழுதினதோ, வழக்கமான மரப்பு மருந்து கொடுத்து அறுத்தார்கள், மறுநாள் இரவு வயிற்று உப்புசத்துக்கு ஊசி குத்தினார்கள் என்பதுதான். இருந்தும் பேச்சு நின்றதா? நம் தேசத்தில் 2003-ல் ஊசி வைத்தியத்தைச் சிகிச்சை முறைகளில் ஒன்றாக சர்க்கார் அனுமதித்து, 2019-ல் அதைத் தனி முறையாகவே அங்கீகரித்திருக்கிறார்கள். சர்க்கார் முத்திரை வேறு, உண்மை வேறு என்பதற்குப் பஞ்சாங்கப்படி விடுமுறை விடும் தேசத்தில் நாம் உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி எலியின் பக்கத்தைப் பார்ப்போம். சோதனைக்காக அறுக்கப்படும் பிராணிகளுக்கு வலி தெரியாமல் மருந்து கொடுக்க வேண்டுமென்பது சட்டம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதை விதிக்கிறது. அச்சட்டத்துக்கு வித்திட்டது, மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ருக்மிணி தேவி ராஜ்ய சபையில் கொண்டுவந்த தனி மசோதா. அபின் வகை மருந்துகள் சோதனையின் முடிவைக் கலைத்துவிடுகின்றன, ஆகையால் அறுத்த பிறகு மருந்துக்குப் பதிலாக ஊசி குத்தி வலியைத் தணிக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. சொல்லுவதற்கு ஜீவகாருண்யம் போலவே இருக்கிறது. ஆனால் ஊசியும் அதே அபின் போன்ற பொருளைத்தானே சுரக்கச் செய்கிறது! சோதனை அதனால் மட்டும் கலையாதா? பலன் சந்தேகமான ஒன்றை வாயில்லாப் பிராணிக்குக் கொடுத்து, நிச்சயமான மருந்தை நிறுத்தினால் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டியது யார்? "எனக்குக் குறையவில்லை" என்று சொல்ல அதற்கு வாய் இருக்கிறதா?

வாயில்லாதவர்களின் வலியை இல்லையென்று சாதிப்பது மனிதர்களுக்கு எப்போதும் சௌகரியமாயிருந்திருக்கிறது. 1980-களில்கூட மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளைப் போதிய வலிமருந்து இல்லாமல் அறுத்து வந்தார்கள். குழந்தைக்கு வலி தெரியாது என்பது படித்த டாக்டர்களின் அபிப்பிராயம்! 1987-ல் இந்தியாவில் பிறந்த ஆனந்த் என்ற டாக்டர் ஆக்ஸ்போர்டில் ஒரு பரீட்சை நடத்தி, வலிமருந்து கொடுத்த குழந்தைகள் தேறினதையும் கொடுக்காதவை அவதிப்பட்டதையும் காட்டின பிறகுதான் அந்த அபிப்பிராயம் ஆட்டங்கண்டது. 1847-ல் ஸிம்ப்ஸன் பிரசவ வேதனைக்குக் குளோரோபாரம் கொடுக்கப்போய், வேதனை கடவுள் கட்டளை என்ற மத ஆட்சேபனைகளுக்குப் பதிலாக ஒரு பிரசுரமே போட வேண்டியிருந்தது. இங்கே கர்மபலன் என்கிற சொல் அந்த வேலையைச் செய்து வருகிறது.

பிராணிகளைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சியே வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. அது பொய்க்கும், பொய்த்ததைத் திருத்தவும் செய்யும். நம் தேசத்திலேயே, ஹைதராபாத்தில் 1888-89-ல் நைஜாம் பணத்தில், நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் வைத்து லாரி என்ற டாக்டர், குளோரோபாரம் மூச்சை நிறுத்தித்தான் கொல்லும், இருதயத்தை நேராகத் தாக்காது என்று தீர்மானித்தார். 1911-ல் லெவி என்பவர் பூனைகளிடத்தில் சோதித்து, இருதயமே தடுமாறி நின்றுபோவதைக் காட்டி அதைத் தப்பென்று நிறுவினார். லாரியை ரிஷி என்று வைத்துக் கும்பிடவில்லை. ஆகையால் உயிர்கள் பிழைத்தன.

இப்போது கோட்டாற்றுக்கு வருவோம். வர்ம ஆசான்களைப் பற்றி நமக்குத் துவேஷம் கிடையாது. அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனுக்கு, மேல்சாதிக்காரன் தொடக்கூட மாட்டாத காலத்தில், தொட்டுத் தடவிக் கட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். எலும்பைச் சேர்ப்பதிலும் சுளுக்கெடுப்பதிலும் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கத்துக்கு மதிப்புண்டு. ஆனால் அந்தக் கைப்பழக்கத்தை அகத்தியர் தலையில் ஏற்றிப் பாட்டுக்குள் மறைத்து, பன்னிரண்டு வருஷம் காலைப் பிடித்தவனுக்கே சொல்லுவேன் என்று இரகசியமாக வைத்ததனால் என்ன லாபம்? நல்லதும் கெட்டதும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டு, எது எதென்று ஆசானுக்கே தெரியாமற் போயிற்று. பார்ப்பான் வேதத்தை மறைத்ததைக் கண்டிக்கிற நாம், நம்மவர் வர்மச் சுவடியை மறைத்ததை மட்டும் கொண்டாடலாமா?

வலியைப் போக்க வேண்டுமென்கிற அக்கறை மெய்யானால் இன்னொரு காரியம் காத்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்காரரின் வேதனைக்கு உலகம் அறிந்த மருந்து மார்பின். அதற்கு வேண்டிய அபின் நம் தேசத்திலேயே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் ஆலைகளே உண்டு. அயல் தேசங்களுக்கும் ஏற்றுமதி செய்தார்கள். 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் பயந்து, உள்ளூர் நோயாளிக்கு மார்பின் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பக்கத்துத் திருவனந்தபுரத்து டாக்டர் ராஜகோபாலும் அவர் போன்றவர்களும் வருஷக்கணக்காகப் போராடி, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்திய பிறகும் எத்தனை ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த மாத்திரை கிடைக்கிறது என்று ஊசி வைத்தியத்துக்காக மேடை போடுகிறவர்கள் ஒரு நாளாவது கேட்டதுண்டா?

கோட்டாற்றிலேயே அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதுகுவலிக்காரர்களுக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை. பனையேறிகள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், சந்தையில் மூட்டை சுமப்பவர்கள், கட்டுமரம் தள்ளுகிறவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து, சம்மதிக்கிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராருக்கு ஆசான் சொல்லும் வர்மப் புள்ளியிலும், ஒரு சாராருக்குப் புள்ளியல்லாத இடத்திலும் அமுக்கட்டும். ஊசிக்காரர்களும் அப்படியே குத்தட்டும். யாருக்கு எது நடந்ததென்று தெரியாத வேறொருவர் வலியை விசாரித்து எழுதட்டும். எத்தனை பேர், எத்தனை வாரம், எதை வெற்றி என்பது என்று தொடங்குவதற்கு முன்பே அச்சில் போட்டுவிடட்டும். முடிவு ஆசானுக்குச் சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அதைத் தமிழிலேயே எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டட்டும். இதற்கு எலி வேண்டாம், முயல் வேண்டாம், பீக்கிங்குக்குப் போகவும் வேண்டாம். அதுவரையில், இன்சுலினை நிறுத்தச் சொல்லுகிற எந்த விரலையும் தம் மணிக்கட்டண்டை வரவிடாமல் நம் ஜனங்கள் தள்ளி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.